படுத்த டயர்

எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்தான். நிற்கிற டயரைத் தொடக்கூடாது, படுத்திருக்கிற டயரை விடக்கூடாது. சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தால் யாரோ தனக்கென்று எடுத்து வைத்தது. தரையில் கிடந்தால் வெட்டுகிறவருக்கு. அவர் துண்டு போட்டு அரவை மெஷினில் தள்ளுவார், காந்தம் கம்பியை இழுத்துக்கொள்ளும், மிச்சம் கறுப்புப் பொடியாக என் சாக்கில் விழும். பொடி ரோடு போடப் போகும், விளையாட்டுத் திடலுக்குப் போகும், பாதி என் மூக்குக்குள் போகும்.

வெட்டுகிறவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். சோற்றைக்கூட நின்றுகொண்டே விழுங்குகிற மனுஷன்.

டயர் கழுவுகிற அக்காவின் தம்பி, சரக்கு வேன் ஓட்டியவன், விபத்தில் போய்ச் சேர்ந்தான். நொறுங்கிய வேனின் டயர்கள் எங்கள் பட்டறையிலேயே வந்து இறங்கின. ஒன்றின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு குட்டிக் கை. அவன் வேனுக்குப் பெயிண்ட் அடித்தபோது மகள் டப்பாவுக்குள் கையை விட்டுப் பதித்தது. அக்கா அதைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவசரம்கூட மெஷினை நிறுத்திவிட்டார்.

தாயும் இல்லாத அந்தப் பிள்ளை இப்போது அக்காவிடம்தான் வளர்கிறது. "அப்பா டயர்ல ஊஞ்சல் கட்டித் தா அத்தை" என்று ஒரே நச்சரிப்பு. முதலாளியும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கட்டுவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை மழை. சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்த அந்த டயருக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. அக்கா அதைக் கவிழ்த்துக் கொட்டி, அப்படியே படுக்கப் போட்டுவிட்டுத் துடைக்கத் துணி தேடி உள்ளே போனாள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சட்டத்தைச் சொல்லித் தருகிறவளே அவள்தான். பிள்ளை நினைப்பில் மறந்துபோனாள். வெள்ளைக் கை அடிப்பக்கம் போயிருந்தது.

துணியோடு திரும்பியபோது தரையில் ஈரம்தான் இருந்தது.

அவசரம் தலையில் அடித்துக்கொண்டார். "படுத்துக் கிடந்துச்சேம்மா... நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் எங்களுக்காவது நிம்மதியாக இருந்திருக்கும். நேரே என்னிடம் வந்து சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டாள். பொடி இன்னும் சூடாக இருந்தது.

"இதுல எதுடி அது?"

எல்லாம் ஒரே கறுப்பு. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே அளவில் வேறொரு டயரைத் தேய்த்துக் கழுவி, மூவருமாகப் போய் அக்கா வீட்டு மரத்தில் கட்டினோம். அவசரம் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அன்றைக்குத்தான் அவர் நிதானமாக ஒரு வேலை செய்வதைப் பார்த்தேன்.

பிள்ளை ஏறவில்லை. டயரைச் சுற்றிச் சுற்றி வந்தது. குனிந்து பார்த்தது. தன் கையை விரித்து அங்கங்கே வைத்துப் பார்த்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

பிள்ளை எங்கள் மூவர் முகத்தையும் ஒரு முறை பார்த்தது. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"அழாத அத்தை. மழையில அழிஞ்சிருக்கும்."