திணை வழு

சட்டைக்குள் இடது கை நுழைந்துவிட்டது. வலது கை மடங்க மறுத்தது. மகள் அவசரப்படவில்லை. அப்பாவின் விரல்களைக் குவித்துப் பிடித்து, சட்டைக் கைக்குள் மெல்ல மெல்ல இழுத்தாள். கூடத்தில் அண்ணன் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காலையில போயிட்டாரு. இன்னும் வீட்லதான் இருக்கு. நாலு மணிக்கு எடுத்துருவோம்."

இரண்டாவது வாக்கியத்திலேயே அப்பா அஃறிணை ஆகிவிட்டார். காதில் விழுந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்பு மையால் திருத்தி, கொடுத்தவரிடமே நீட்டி, பாதி உறவைப் பகைத்துக்கொண்டவர். ஆட்சி மாறினால் பொறுத்துக்கொள்வார், திணை மாறினால் பொறுக்க மாட்டார்.

அந்த வாயிலிருந்துதான் நான்கு வருடமாகச் சொற்கள் உதிர்ந்தன. முதலில் மைனாவும் மரங்கொத்தியும் வெறும் பறவை ஆயின. அப்புறம் பறவை, நாய், ஆடு எல்லாமே பிராணி. கடைசியில் நாயும் நாற்காலியும் ஒன்றுதான், 'சாமான்'. பேச்சு மட்டும் தடங்கலில்லாமல் ஓடியது. உள்ளே சரக்கு தீர்ந்துகொண்டே வந்தது. மூளையில் சொற்பொருள் தங்கும் இடம் சுருங்குகிறது என்றார் டாக்டர். தன் முறை எப்போது வருமோ என்று மகள் பயந்துகொண்டே இருந்தாள். அவள் பெயர் போனது, 'மகள்' போனது, 'பொம்பளை' ஆனாள். போன மாதம் அவள் கதவைத் திறந்தபோது அப்பா அண்ணனிடம் சொன்னார்: "அது வந்துடுச்சு."

அன்றிலிருந்து அந்த ஒரு சொல் அவளை அரித்தது. பெற்ற குழந்தையையும் 'அது' என்போம், குப்பைக்கூடையையும் 'அது' என்போம். அப்பா சொன்னது எந்த 'அது'?

அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா தலையணையைச் சரிசெய்தபடி தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தாள். காலையில் மகள் குளிக்கப் போயிருந்தபோது அப்பா ஒருமுறை கண் திறந்தாராம்.

"'அது சாப்பிட்டுச்சா'ன்னு கேட்டாரும்மா. ஜன்னல்ல பூனை உக்காந்திருந்துச்சு. அதைத்தான் கேக்குறாருன்னு நெனச்சு, சாப்பிட்டுச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் பேசவே இல்ல."

"பூனையைப் பாத்தா கேட்டாரு?"

நர்ஸம்மா யோசித்தாள். "சரியா கவனிக்கலம்மா."

நேற்று மதியத்திலிருந்து மகளின் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. இப்போதுதான் பசித்தது. அழுகையும் கூடவே வந்தது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"இன்னும் இல்லப்பா."