பத்தாயிரம் அடிக்குக் கீழே

பதினொரு மணிக்கு வர வேண்டிய பயணி பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. தனியார் ஜெட் ஓட்டுகிறவனுக்குப் பறப்பதும் காத்திருப்பதும் ஒரே வேலைதான். நியூயார்க்குக்குப் பக்கத்தில் டீட்டர்பரோ விமான நிலையத்தில் விமானிகள் உட்காரும் அறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூலையில் சோளப்பொரி இயந்திரம் வெடித்துக்கொண்டிருந்தது.

கோல்பி ரிட்னர் செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். காலையிலிருந்து அதில் முப்பத்தெட்டு விமானிகளிடம் பேசிவிட்டான். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அனுதாபம் சொன்னார்கள். ஓட்டை மாற்றிப் போடுகிறேன் என்று நான்கு பேர்தான் சொன்னார்கள்.

கம்பெனியோடு போடும் புது ஒப்பந்தத்தின் மேல் விமானிகள் சங்கம் நடத்தும் ஓட்டெடுப்பு அன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

"நாலு கோடு தோள்ல குத்திக்கிட்டு நிக்கிறேன்" என்றாள் ரெனாட்டா டூசெக். டல்லஸ்காரி. அதே கம்பெனியில் வேறொரு விமானத்தின் கேப்டன். "ஆனா கழிவறை வாளிய எடுத்துக் கொட்டறது யாரு? நானு. கோல்ஃப் மூட்டைய தூக்கறது யாரு? நானு. போன மாசம் ஒரு மகராசனோட குதிரைச் சேணத்தக்கூட சுமந்தேன். குதிரை மட்டும்தான் பாக்கி. என்கூடப் படிச்சவன் ஏர்லைன்ல ஒன்றரை மடங்கு வாங்கறான், ஒரு வாளியும் தொடாம."

"அதுக்குத்தானே சம்பளத்துல முப்பத்தி நாலு சதவீதம் ஏத்தி வாங்கிட்டு வந்திருக்கோம்" என்றார் லோவெல் ஹேஸ்கின்ஸ்.

லோவெல் அன்று கோல்பியின் கேப்டன். சங்கத்தின் சார்பில் கம்பெனியோடு பேச்சு நடத்திய மூவரில் ஒருவர். இருபத்திரண்டு மாதம் பேசியதில் தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்கிட்டு வந்தீங்களா, வித்துட்டு வந்தீங்களா?" என்றான் கோல்பி.

"கோல்பி."

"பதினொரு ஊரை வித்துட்டுத்தானே வந்தீங்க, கேப்டன்?"

ரெனாட்டா பொரிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு. ஒவ்வொரு விமானிக்கும் பட்டியலில் ஒரு வீட்டு ஊர் உண்டு. முதல் நாள் அங்கிருந்து கம்பெனி செலவில் கிளம்பலாம். ஏழாம் நாள் அங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். சம்பளம் ஏற வேண்டுமானால் அந்தப் பட்டியலில் பதினொரு ஊர் குறைய வேண்டும் என்றது கம்பெனி. குறைந்த ஊர்களில் ஒன்று மிஸூலா. கோல்பியின் ஊர். அதற்கப்புறம் பட்டியலில் அவனுக்கு மிக அருகில் மிஞ்சுவது சால்ட் லேக். பனிக்காலத்தில் மலைப்பாதையில் எட்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள். இரண்டும் அவன் கணக்கில். வெளியே ஒன்பது, வீட்டில் ஐந்து.

வீட்டில் லிவ் இருந்தாள். நான்கு வயது. அவள் அம்மா அன்னிகா இறந்து ஒன்பது மாதம். கோல்பி பறக்கும் ஏழு நாளும் அன்னிகாவின் அக்கா மாரிட் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். போன மாதம் மாரிட் சொல்லிவிட்டாள்: "பாதி நாள் அப்பாங்கறது வரைக்கும் சரி. அதுக்கும் கீழ போச்சுன்னா அவ எங்ககூடவே வளரட்டும். பேப்பர் எழுதி வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடு." கத்திச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அழுதுகொண்டே சொன்னாள்.

"ரெனாட்டா, நீங்க ஓட்டுப் போட்டாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"வேண்டாம்னு போடுங்க. இது தோத்தா மறுபடி பேச்சு நடத்தப் போவாங்க. ஊரைத் திருப்பிக் கேக்கலாம்."

"மறுபடி இருபத்திரண்டு மாசம்." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என் வீட்டுக்காரர் வேலை போயி ஒரு வருஷமாச்சு. ரெண்டு பசங்க காலேஜ்ல. உன் பொண்ண நினைச்சா கஷ்டமா இருக்கு, பொய் சொல்லல. ஆனா உன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு அங்க ஒண்ணு போட என்னால முடியாது."

கோல்பி தலையாட்டினான். முப்பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டான்.

பயணி வந்தார். மனைவி, இரண்டு பெரிய நாய்கள், பதினான்கு பெட்டிகள். அவர்களுக்கு மிஸூலாவுக்குப் பக்கத்தில் பண்ணை இருந்தது. அன்றைய விமானம் போவதே மிஸூலாவுக்குத்தான். கோல்பிக்கு அது ஏழாம் நாள்.

"உங்களுக்கு எங்க ஊரைத் தெரியுமா?" என்று கேட்டார் பயணி, கையுறையைக் கழற்றியபடி.

"தெரியும், சார்."

"அங்கயே இருக்கணும்னு தோணும், இல்ல?"

"தோணும், சார்" என்று சொல்லிவிட்டு கோல்பி பெட்டிகளை ஏற்றினான்.

நாற்பத்தோராயிரம் அடியில் வேலை குறைவு. கோல்பி ஓட்டினான், லோவெல் வானொலியைக் கவனித்தார். பயணி தொடாத தட்டு விமானிக்கு என்பது வழக்கம். அன்று இறால் மிஞ்சியது. இருவரும் மடியில் காகிதத்தை விரித்துச் சாப்பிட்டார்கள்.

"கம்பெனி பக்கம் எட்டு வக்கீல்டா" என்றார் லோவெல். "எங்க பக்கம் மூணு விமானி, ஒரு கால்குலேட்டர். அதுலயும் பேட்டரி போச்சு. நாங்க கேட்டதுல பாதி கிடைச்சிருக்கு. பாதிங்கறது சின்ன விஷயம் இல்ல."

"எனக்கும் பாதிதான் வேணும், கேப்டன். பதினாலுல ஏழு."

லோவெல் காகிதத்தை மடித்தார். நன்றாக, நான்காக மடித்தார்.

நியூயார்க் நேரம் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய பலகைக் கணினியில் செய்தி வந்தது. படித்தார். மறுபடி படித்தார். பிறகு கோல்பி பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

வேண்டும் ஆயிரத்து நானூற்று இரண்டு. வேண்டாம் ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று.

முப்பத்தொன்று. கோல்பி எரிபொருள் அளவைச் சரிபார்த்தான். மறுபடி சரிபார்த்தான். கீழே வயோமிங்கோ மொன்டானாவோ, வெள்ளையாகக் கிடந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் பின்னால் ஒரு நாய் ஓரிரு தடவை குரைத்தது.

இறங்கத் தொடங்கியபோதுதான் அவனுக்கு அந்தக் கேள்வி வந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

"எந்தெந்த ஊருன்னு யார் முடிவு பண்ணது? கம்பெனியா?"

லோவெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க எண்ணிக்கை மட்டும்தான் சொன்னாங்க. எதுன்னு முடிவு பண்ற பாவத்தை எங்க தலையில கட்டிட்டாங்க."

"எப்படிப் பண்ணீங்க?"

"மார்ச்ல எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பினோம். உங்க வீட்டு ஊரு உங்களுக்குக் கட்டாயம் வேணுமான்னு. ரெண்டு பேராவது வேணும்னு சொன்ன ஊரைத் தொடறதில்லைன்னு நாங்களா ஒரு கோடு போட்டுக்கிட்டோம்."

மார்ச். மார்ச் முழுவதும் அவன் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் தூங்கினான். அன்னிகாவின் கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில். சங்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. ஏப்ரலில் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தான்.

"மிஸூலாவுக்கு எத்தனை பேர் சொன்னாங்க?"

லோவெல் வாயைத் திறந்தார். கண் உயரமானியின் மேல் போனது.

"பத்தாயிரம்" என்றார்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சுக் கூடாது. சட்டம் அது. சட்டம் மட்டுமல்ல, பழக்கம். சண்டையில் இருந்தாலும், பாதிச் சிரிப்பில் இருந்தாலும், அந்த எண் வந்தால் விமானி வாயை மூடிக்கொள்வான். கோல்பியும் மூடிக்கொண்டான்.

மேகத்துக்குள் போனார்கள். இறக்கையில் பனி ஒட்டத் தொடங்கியது. லோவெல் சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தார், கோல்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். குரல் ஒரே மாதிரி வந்தது. மலை இடது பக்கம் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது தெரியாமலே போனால் என்ன என்று நினைத்தான். பின்னால் நாய்கள் இருந்தன. பக்கத்தில் லோவெல் இருந்தார்.

"சக்கரம்" என்றான்.

"இறங்கிடுச்சு. பச்சை விளக்கு மூணு."

ஓடுதளம் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது பயணிக்குத் தெரிந்திருக்காது. இந்த வருடத்தில் அவன் இறக்கியதிலேயே நல்ல இறக்கம் அதுதான்.

பயணிகள் இறங்கிப் போனார்கள். பெட்டிகள் போயின. லோவெல் விமானி அறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தன்" என்றார்.

"யாரு?"

"பெனிங்டன். உன் ஊர்க்காரன்தான். அவன் ஒருத்தன்தான் படிவம் அனுப்பினான்."

"அப்போ நான் அனுப்பியிருந்தா..."

"ரெண்டாயிருக்கும்."

கோல்பி இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "படிவம் வராதவங்களுக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டீங்களே. பக்கத்து ஊர்க்காரங்க சொன்னாங்க. ரெண்டு தடவை, மூணு தடவை பண்ணீங்களாமே."

"பண்ணோம்."

"எனக்கு வரலையே, கேப்டன்."

"உன் பேரு என் பங்குல இருந்துச்சு." லோவெல் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடக்கறப்ப சங்கத்துப் படிவம் எங்கடான்னு கேக்க எனக்கு வாய் வரல. பாவம், அவனை விட்டுருவோம்னு மத்தவங்ககிட்டயும் நான்தான் சொன்னேன்."

வெளியே எரிபொருள் வண்டி வந்து நின்றது. கோல்பி எழுந்து பின்னால் போனான். கம்பளம் முழுவதும் நாய் முடி. தூசு உறிஞ்சும் கருவியை எடுத்தான். உள்ளே கூட்டுவது துணை விமானி வேலை. லோவெல் வந்து அதன் குழாயைப் பிடித்தார்.

"குடு. நான் பண்றேன். நீ போ."

"உங்க வேலை வெளிய, கேப்டன்."

"போடா."

கோல்பி குழாயை விட்டான். படியில் ஒரு கால் வைத்து நின்றான். "சீனியாரிட்டி வரிசையில என் நம்பர் ரெண்டாயிரத்து முந்நூத்து எண்பது. எனக்குக் கீழ ஐந்நூறு பேராவது இருப்பாங்க. நான் போயிட்டா எல்லாரும் ஒரு படி ஏறுவாங்க. உங்க சங்கத்துக்குச் சொல்லிடுங்க."

"பைத்தியக்காரத்தனம் பண்ணாத. போயிட்டுத் திரும்பி வந்தா அடியில நிக்கணும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அடியிலதான்."

"இப்ப எங்க நிக்கறேன்?"

லோவெல் பதிலுக்குக் கருவியைப் போட்டார். அதன் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மாரிட்டின் கார் நின்றது. லிவ் பின் இருக்கையில் இருந்தாள். மாரிட் மட்டும் கீழே இறங்கினாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாஸாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தப் பேப்பர் வச்ச கவர் வண்டியிலதான் இருக்கு. இன்னிக்கே வேண்டாம். ஆறப் போட்டுப் பண்ணலாம்."

"கையெழுத்துப் போட மாட்டேன் மாரிட். வேலைய விடறேன்."

"விட்டுட்டு?"

"தெரியல."

"வீட்டுக் கடன்? அவளுக்கு டாக்டர் இன்சூரன்ஸ்? இந்த ஊர்ல உனக்கு என்ன ஓட்டக் கிடைக்கும், பனி அள்ளற வண்டியா?"

"கிடைச்சா ஓட்டறேன்."

"வீம்புக்குச் சொல்லாத கோல்பி. அவ வயித்துக்கு வீம்பப் போட முடியாது."

"தெரியும்." கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "ஒண்ணும் தெரியல மாரிட். ஒன்பது நாள் போக மாட்டேன். அது மட்டும்தான் தெரியும்."

மாரிட் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். சம்மதமா, கோபமா, அவனால் சொல்ல முடியவில்லை. அவள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் லிவ் பக்கத்தில் உட்கார்ந்தான். கவர் முன் இருக்கையில் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

லிவ் கையுறையைக் கழற்றி ஏழு விரலைக் காட்டினாள். அவன் வரும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நாளுக்கு ஒரு விரலாக மடக்குவாள்.

"ஏழுதானே?"

"இந்தத் தடவை எண்ண வேண்டாம்டா."

"அப்போ எப்பப் போவ?"

மாரிட் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள். லிவ் விரலை மடக்காமல் பிடித்தபடியே இருந்தாள்.