கிண்ணத்தின் அடியில் ஒரு கவளம்

மேலைக் கடல் தன் நீரையெல்லாம் சுருட்டிக்கொண்டு தொலைவுக்குப் பின்வாங்கியிருக்க, கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேற்றுவெளி விரிந்து கிடக்க, அதன் ஓரத்தில் கட்டம் கட்டமாய் அமைந்த உப்பளங்கள் சாயும் கதிரவனின் செம்மையை ஆளுக்கொரு பங்காய் ஏந்தியிருக்க, கரையோர நாணல்கள் நரைத்த தலையை ஒருபுறம் சாய்த்து எவர் காலடியையோ உற்றுக் கேட்பனபோல் நின்ற கூதிர்காலத்து அந்தி அது. அருமை சான்ற படிப்பாளரே, எங்கள் கரையில் இறந்தோர் விருந்துண்ண வருவது இத்தகைய பொழுதில்தான். வருவோர் தயங்கி நிற்கலாகாது என்று வாயிற்கதவைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். அன்று தொக்சுவின் வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

உப்பளத் தொழிலாளியான தொக்சுவின் முதல் மனைவி யோன்சிம் காய்ச்சலில் கண்மூடியதன் ஆண்டு நினைவுநாள் அன்று. அவளுக்குரிய படையலை அடுக்களையில் ஆக்கிக்கொண்டிருந்தவளோ அவனுடைய இரண்டாம் மனைவி ஒக்புன். வாழ்கின்ற மனைவி சமைக்க, மறைந்த மனைவி உண்ண, இருவருக்கும் உரியவன் நடுவில் நின்று வணங்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர் எவரோ, அவர் ஒருநாளும் இரண்டாம் மனைவியாய் இருந்தவர் அல்லர் என்பது மட்டும் உறுதி.

ஒக்புன் வாய்ச்சொல்லில் வல்லவள் அல்லள். கணவன்மேல் கொண்ட காதலைக் கையால் மட்டுமே சொல்லத் தெரிந்தவள். உப்பு நீரில் நாளெல்லாம் நின்று வெடித்த காலோடு அவன் வீடு திரும்புமுன், புளித்த அவரை விழுதில் சிப்பிகளைக் கொதிக்கவிட்டு, முள்ளங்கித் தழையை நல்லெண்ணெயில் வதக்கி, சுட்ட மீனின் முள்ளைத் தன் விரலாலேயே களைந்து, சோற்றுக் கிண்ணம் ஆறிவிடாமல் போர்வைக்குள் பொதிந்து வைத்துக் காத்திருப்பாள். அவனும் முகம் சுளிக்காமல் உண்பான். ஆனால் ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தின் அடியில் ஒரு கவளம் வெண்சோற்றை மீதம் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

அந்தக் கவளம் யாருக்கு என்பதைத் தொக்சுவின் தமக்கை மல்சுன் ஒருமுறை போட்டுடைத்துவிட்டாள். மழை வந்து உப்பையெல்லாம் கரைத்துப்போட்ட ஓர் ஆண்டில், தான் முன்னமே உண்டுவிட்டதாகக் கணவனிடம் சொல்லிச் சொல்லி, அவன் கிண்ணத்தில் எஞ்சியதை மட்டுமே தின்று நாளைக் கடத்தினாளாம் யோன்சிம். அவள் மறைந்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் வழியாக அது அவனுக்குத் தெரியவந்ததாம். அதைக் கேட்ட நாள்முதல் தான் சமைப்பது இருவருக்கா மூவருக்கா என்பது ஒக்புனுக்கு விளங்கவில்லை. ஒரே ஒரு வேளையேனும் தன் கையால் ஆக்கியதை அவன் அடிவரை உண்ண வேண்டும். அவள் ஏங்கியது அவ்வளவே.

முற்றத்தில் வரிசையாய் நின்ற ஊறுகாய்ச் சாடிகளின் கடைசியில் முழங்கால் உயரமும் இல்லாத ஒரு சிறுசாடி, மூடியும் இன்றி வெறுமையாய் நின்றது. அதில் உப்புமீன் போடட்டுமா என்று ஒக்புன் தொக்சுவிடம் கேட்டபோது, அது கிடக்கட்டும் என்றானே ஒழியக் காரணம் சொல்லவில்லை. கடற்காற்று அதன் வாயில் புகுந்து ஊமென்று முனகும்போதெல்லாம் ஒக்புன் காதைப் பொத்திக்கொள்வாள்.

அன்றைக்குப் படையலில் கலந்துகொள்ள வந்திருந்த மல்சுன், அடுக்களை வாயிலில் குந்தியபடி உருண்டைப் பேரிக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நாவுக்கு ஓய்வு என்பதை இந்தக் கரையில் கண்டவர் இல்லை.

"கையை வெரசா ஓட்டு பொண்ணே. யோன்சிமா இருந்தா இந்நேரம் தட்டெல்லாம் அடுக்கி முடிச்சிருப்பா. செத்தவளைக் காக்க வெச்சா அப்புறம் போகமாட்டா, இங்கனயே ஒக்காந்துக்கிடுவா."

"அவங்க போயிட்டாங்கன்னு யாரு மதினி சொன்னா?" என்றாள் ஒக்புன்.

இத்தனை கசப்பு தன்னுள் இருந்ததை அவளே அப்போதுதான் அறிந்தாள். மல்சுன் பேரிக்காய்களோடு கூடத்துக்குள் போனதும், அவள் கை தானாகப் பூண்டுக் கொத்தின்மேல் சென்றது. படையலில் பூண்டும் மிளகாயும் சேர்ப்பதில்லை. அவற்றின் நெடி இறந்தோரை அண்டவிடாமல் விரட்டும் என்பது எங்கள் கரையில் பால்மணம் மாறாத பிள்ளையும் அறிந்த செய்தி. மாட்டிறைச்சியும் முள்ளங்கியும் கொதித்துத் தெளிந்த சாற்றைப் படையற் கிண்ணத்தில் ஊற்றியவள், நசுக்கிய பூண்டைத் துணியில் வைத்து அதற்குள் பிழிந்தாள். பானையிலிருந்த மற்றச் சாற்றில் கலக்கவில்லை. இன்றொரு நாள் அவள் பசியோடு திரும்பிப் போகட்டும், போனவள் மறுபடி வராதிருக்கட்டும் என்று நெஞ்சார வேண்டிக்கொண்டே கிண்ணத்தை மூடினாள்.

யோன்சிமின் பெயர் எழுதிய தாளின்முன் விளக்கேற்றி, மது வார்த்து, தொக்சு வணங்கினான். கரண்டியைச் சோற்றில் செங்குத்தாய் ஊன்றிவிட்டு, விருந்தாளி தனித்திருந்து உண்ணட்டும் என்று கூடத்துக் கதவைச் சாத்தி, மூவரும் முற்றத்துக்கு வந்து தலைகுனிந்து நின்றனர். முன்னைய ஆண்டுகளில் இந்தப் பொழுதில் கதவில் ஒட்டிய மெல்லிய தாளுக்கு அப்பால் விளக்கின் சுடர் படையற் பக்கமாய் மெல்லச் சாய்வதை ஒக்புன் கண்டிருக்கிறாள். இன்று அது ஊசிபோல் நிமிர்ந்து நின்றது. வென்றுவிட்டோம் என்று அவள் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.

அப்போது திறந்திருந்த வாயிற்கதவை நோக்கி வீட்டு நாய் உறுமியது. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குழைந்து, தெரிந்தவரைக் கண்ட முனகலாக மாறியது. வாயிலுக்கு அப்பால் நாணலும் இருட்டத் தொடங்கிய வழியும் தவிர எதுவும் இல்லை. ஆயினும் அங்கே யாரோ நிற்பதாக, வீட்டுக்குள் கமழும் சோற்றின் மணத்தை முகர்ந்தபடி, படியேற முடியாமல், கையைப் பிசைந்துகொண்டு நிற்பதாக ஒக்புனுக்குப் பட்டது. பசியில் செத்துப் பிழைத்த ஒருத்தியை அவள் விருந்து நாளிலேயே பட்டினி போட்டுவிட்டாள். அந்த நினைப்பு வந்ததும் அவள் வாயிலை நோக்கி ஓரடி எடுத்துவைத்து நின்றாள்.

தொக்சு செருமிவிட்டுக் கதவைத் திறந்தான். விடைகொடுக்கும் வணக்கம் முடிந்தது, பெயர்த்தாளும் எரிந்து சாம்பலானது. பின்னர் இறந்தவர் உண்ட மீதியை இருப்பவர் பகிர்ந்து உண்பதற்கு அமர்ந்தனர். பானையிலிருந்து வேறு சாறு கொண்டுவருவதாகச் சொல்லி ஒக்புன் படையற் கிண்ணத்தை அகற்றப் பார்த்தாள். அதற்குள் மல்சுன் அதைக் கையில் எடுத்து ஒரு வாய் பருகிவிட்டாள். பருகியவளின் புருவம் ஏறியது.

"இதுல பூண்டு கெடக்குடா தம்பி. படையச் சாத்துல பூண்டு. இவ உன் பொஞ்சாதியை வெரட்டிவிட்டுட்டா."

ஒக்புன் தரையைப் பார்த்தாள். தொக்சு தமக்கையின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினான். ஒரு வாய் சுவைத்தான்.

"நாந்தான் போடச் சொன்னேன்" என்றான். "யோன்சிமுக்குப் பூண்டுன்னா உசிரு. வருசா வருசம் சப்புன்னு வெச்சு அவளை அனுப்புறது எனக்கே பொறுக்கலை. இன்னிக்குத்தான் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டிருப்பா."

ஊரையே வாயடைக்க வைக்கும் மல்சுன் வாயடைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தாள். அவனோ படையற் சோற்றை அந்தச் சாற்றிலேயே கவிழ்த்து, குனிந்த தலை நிமிராமல் உண்டான். கடைசிப் பருக்கைவரை வழித்து உண்டு, வெறுங்கிண்ணத்தைக் கீழே வைத்தான். எத்தனையோ நாள் ஒக்புன் ஏங்கிக் கிடந்த காட்சி அது. தனக்காகப் பொய் சொல்லிவிட்டான் என்று ஒரு நினைப்பு; உண்மையாகவே அவளுக்குப் பூண்டு பிடிக்குமோ என்று மறு நினைப்பு; எதுவாயினும் அடிவரை உண்டுவிட்டான் என்ற களிப்பு. மூன்றும் சேர்ந்து அவளை அழவைத்தன.

அடுக்களையில் ஏனங்களைக் கழுவும்போது மல்சுன் தன் குரலை மீட்டுக்கொண்டாள். ஆனால் அதில் வழக்கமான குத்தல் இல்லை.

"எந்தம்பிக்குப் பொய் சொல்ல வராது. இன்னிக்கு உனக்காகச் சொல்லிட்டான். பூண்டு உரிச்ச கையால தண்ணி குடுத்தாக்கூட யோன்சிம் குடிக்கமாட்டா. வயித்தைப் பெரட்டும் அவளுக்கு. முத்தத்துல கெடக்கே அந்தச் சின்னச் சாடி, அது அவளுக்குன்னு பூண்டில்லாம கீரை ஊறப்போட்டது. அதுக்காக அவளை நான் எம்புட்டு ஏசியிருப்பேன்."

ஒக்புனின் கையிலிருந்த கிண்ணம் நீருக்குள் நழுவியது. இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது. இருக்கின்ற மனைவியைத் தமக்கையின் நாவுக்கு இரையாக்காமல் காக்க, இறந்த மனைவியின் பெயரால் ஒரு பொய்யைச் சொன்னான். அந்த இறந்தவளுக்கு ஆகாததை அவளுக்கென்று மிச்சம் வைக்கலாகாது என்றுதான் கடைசிக் கவளத்தையும் தானே விழுங்கினான். அவன் உண்டது இருவருக்காகவும்தான். தான் வென்றதாக எண்ணிய அந்த வெறுங்கிண்ணத்தில்கூட யோன்சிம் இருந்தாள். ஆனால் அவளுக்குப் பக்கத்திலேயே தானும் இருந்ததை ஒக்புன் முதன்முறையாகக் கண்டாள். வெட்கமும் நிறைவும் ஒன்றாய்ப் பொங்க, பானையில் மீந்திருந்த பூண்டில்லாச் சாற்றைச் சூடாக்கி, சோற்றோடு எடுத்துக்கொண்டு வாயிலுக்கு நடந்தாள்.

அவள் அதுவரை யோன்சிமை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. நாய் படுத்திருந்த இடத்தருகே கிண்ணங்களை வைத்துவிட்டு, இருட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இதுல ஒண்ணும் போடலை. சாப்பிடுங்க."

நாணல் ஒருமுறை அசைந்து ஓய்ந்தது. சாற்றின் ஆவி நேராக எழாமல், யாரோ குனிந்து ஊதியதுபோல் ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்ள ஒக்புனுக்கு மனம் வரவில்லை.

முன்பனி தொடங்கியதும் கரையெங்கும் வீட்டுக்கு வீடு கீரை உப்பிட்டு ஊறுகாய் போட்டார்கள். ஒக்புனும் பெரிய சாடிகளை நிரப்பினாள். பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டு, பூண்டு படாத கீரையைச் சிறுசாடியில் அடுக்கி, பொருத்தமான மூடியொன்று தேடி மூடினாள். உப்பளத்திலிருந்து வந்த தொக்சு அந்தச் சாடியின் அருகில் நெடுநேரம் நின்றான். மூடியைத் தொட்டுப் பார்த்தான்.

அன்று மாலை உணவில் அவன் வழக்கம்போல் ஒரு கவளம் மீதம் வைத்தான். எதிரில் இருந்த ஒக்புனும் தன் கிண்ணத்தில் ஒரு கவளம் மீதம் வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான். பின் தன் கிண்ணத்தை அவள்பக்கம் தள்ளி, அவளுடையதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவளுக்குத்தான் சாடி இருக்கே" என்றான். "இதை நீ சாப்பிடு."

சாடியின் வாய் மூடப்பட்டமையால் காற்று அதற்குள் முனகுவதும் அன்றோடு நின்றது. ஆயினும் படிப்பாளரே, அந்த வீட்டை விட்டு யோன்சிம் அகன்றுவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். மறு ஆண்டு கூதிரில், கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் தலைகுனிந்து நின்றபோது, கதவுத் தாளுக்கு அப்பால் சுடர் படையற் பக்கமாய் மெல்லச் சாய்ந்தது. அதைக் கண்டு ஒக்புன் அஞ்சவில்லை. விருந்தாளி வயிறார உண்ணட்டும் என்று இன்னும் சற்று நேரம் காத்து நிற்குமாறு கணவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.