மூன்று விசில்

குருநாதன் இளநீரோடு வந்தார். வேண்டாம் என்றேன். பெரம்பலூரில் அவர் கட்டிய புதுக் கல்யாண மண்டபத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். கையெழுத்துப் போடவேண்டிய மாவட்ட அலுவலர் நான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவருடைய பஞ்சு குடோனுக்குள் காவலிருந்த என் அப்பா தர்மன் வெந்து செத்தபோது நான் கப்பலில் இருந்தேன். எங்கள் ஊரான விக்கிரமங்கலம் வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்திருந்தது.

பஞ்சு திருட்டுப் போகும் என்று குடோனின் பின்கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனவர் இவர். வாட்ச்மேன் பீடி பிடித்ததால்தான் தீ என்று போலீஸில் சொன்னவரும் இவர்தான். அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது. நேவி ஆபீசர் உத்தியோகத்தைப் பத்தாவது வருடம் உதறிவிட்டு, குரூப் ஒன் எழுதி, இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். மக்கள் சேவை என்று இன்டர்வியூவில் சொன்னதெல்லாம் சும்மா.

மண்டபத்தில் குறை தேடி அலைந்தேன். சிலிண்டர்களில் தேதி சரி. தொட்டி நிறையத் தண்ணீர். வாளிகளில் மணல். சிலிண்டர்களை இரண்டாம் முறை திருப்பிப் பார்த்தேன். கடைசியில் சமையற்கட்டுக்கு வந்தோம். பின்கதவில் கனத்த பூட்டு ஒன்று தொங்கியது.

"சாவி எங்கங்க?"

"மேனேஜர்கிட்ட இருக்குங்க சார். அரியலூர் போயிருக்கான். சமையக்காரனுவ எண்ணெ, பருப்பெல்லாம் பின்னாடியே கடத்திடுறானுவ. அதான் பூட்டிடச் சொன்னேன்."

சான்றை மறுத்து எழுதியிருக்கலாம். மறுநாளே பூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மனுப் போடுவார். எனக்கு அது போதவில்லை.

"ஒரு ஒத்திகை பாத்துடுவோம். நீங்களும் உள்ள இருங்க. ரெண்டு நிமிசந்தான்."

நேவி பயிற்சியில் எங்களைப் புகை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். மூச்சை எப்படிச் சிக்கனமாக விடுவது என்று எனக்குத் தெரியும். என்னோடு வந்த தீயணைப்பு வீரர் அய்யம்பெருமாள், இரும்புச் சட்டியில் ஈரச் சாக்கைப் பற்றவைத்து உள்ளே வைத்தார்.

"முன்கதவ வெளிய தாப்பா போட்டுக்குங்கண்ணே. நான் மூணு விசில் ஊதுனா மட்டும் தொறங்க."

"மூணு ஊதணும். சரிங்க சார்."

குருநாதன் முதலில் சிரித்தார். பிறகு இருமினார். பிறகு பின்கதவுக்கு ஓடிப் பூட்டைப் பிடித்து இழுத்தார்.

"போதும் சார், மூச்சு முட்டுது. தொறக்கச் சொல்லுங்க."

"சாவி வரட்டுங்க."

"அரியலூர்லேருந்து எப்ப சார் வர்றது?"

"எங்கப்பாவும் சாவிக்குத்தான் காத்திருந்தாரு. தர்மன். அவரு பீடி பிடிக்க மாட்டாருங்க."

அவருடைய கை பூட்டிலேயே நின்றுவிட்டது. என் முகத்தில் அப்பாவைத் தேடினார், கண்டுபிடித்தும்விட்டார். இந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன், சந்தோஷமாக இருந்தது. தரையில் விழுந்தவர் என் கால்சட்டையைப் பற்றிக்கொண்டார்.

விசிலை எடுத்து ஊதினேன்.

"ஒண்ணு" என்றார் வெளியே அய்யம்பெருமாள்.

மறுபடி ஊதினேன்.

"ரெண்டு."

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். கதவின் அடியிடுக்கில் அய்யம்பெருமாளின் பூட்ஸ் தெரிந்தது. அது அசையாமல் நின்றது.