எலிசெயோவின் பக்கம்

காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் தாய்மார் குழுவுக்கு, எல்லோரும் சேர்ந்து எழுதும் விக்கி இணையதளத்தை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், தோண்டிய ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எதிலும் எழுதலாம். ஆனால் ஒருத்தியும் இன்னொருத்தியின் மகன் பக்கத்தைத் தொடவில்லை.

"அடுத்தவ வீட்டுக்குள்ள புகுந்து, அவ அடுப்புல வேகிற பீன்ஸ்ல உப்பு போடுவியாடீ?" என்று கேட்டாள் ஒதிலியா அக்கா. குழுவுக்கு மூத்தவள்.

"உப்பு இல்லன்னா போடுவேன்கா" என்றேன். "உனக்குத் தெரிஞ்சது இவளுக்குத் தெரியாது, இவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாது. இப்படியே எத்தனை நாள் கம்பி குத்துறது?"

சோனோரா பாலைவன வெயிலில் கம்பியை மண்ணில் இறக்கி, உருவி, முனையை மோந்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. பிண வாடை வந்தால் தோண்டுவோம்.

ஒதிலியா கணினி முன் உட்கார்ந்தாள். "சரி, என் மகனோடத முதல்ல திற. எலிசெயோவைப் பத்தித் தெரிஞ்சதை எல்லாரும் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

தன் மகனைத் தேடும் நெரேய்தா முந்திக்கொண்டாள். "என் பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாள்ல ஆடினானே, சுடுமண்ணுல நிக்கிற கோழி மாதிரி! அதை எழுதட்டா?"

"எழுதுடி. உன் பொண்ணு மட்டும் என்ன மயிலா?"

"இடது காலை இழுத்து இழுத்து ஆடினான்கா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒதிலியாவும்தான். "பந்து விளையாடி உடைச்சுக்கிட்டான். கணுக்கால்ல தகடு வெச்சாங்க. அதை எழுதவே மறந்துட்டேன் பாரு." ஒற்றை விரலால் அவளே அடித்துச் சேர்த்தாள்.

பெர்த்தா சிரிக்கவில்லை. வாய்க்கால் கரைக் குழியைத் தோண்டி, அதன் பக்கத்தை எழுதியவள் அவள். காபிப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள்.

"எங்கடீ போற? என் மகனைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அப்புறம் ஏன் பானையைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிற?"

பெர்த்தாவின் கண் திரையில் இருந்த 'தகடு' என்ற சொல்லுக்கே போய்ப் போய் வந்தது. ஒதிலியா அவளையே பார்த்தாள். பிறகு திரையின் தேடும் கட்டத்தில் 'தகடு' என்று அடித்தாள். இரண்டு பக்கங்கள் வந்தன. ஒன்று அவள் மகனுடையது. மற்றது வாய்க்கால் கரை.

அதைத் திறந்து உரக்கப் படித்தாள். "ஆண். இளவயசு. இடது கணுக்கால்ல தகடு. பெயர் தெரியாம அரசாங்க இடுகாட்டுல புதைச்சாச்சு."

"வேற யாருக்காவதுகூட தகடு இருக்கலாம்கா" என்றாள் நெரேய்தா.

"இருக்கலாம்."

எலிசெயோவின் பக்கத்துக்குத் திரும்பி, கீழே 'வாய்க்கால் கரை' என்று எழுதினாள். எழுந்து நாற்காலியை நெரேய்தாவிடம் தள்ளினாள்.

"இப்ப உன் பையனோடத திற."

நெரேய்தா உட்காரவில்லை. இரண்டு கைகளாலும் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.