ஏகமனதாக ஒரு களிம்பு

இலவச மருந்துக்கான செலவைக் குறைக்க வேண்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்து ஆணை வந்தது. எந்த மருந்தை நிறுத்துவது என்னும் பழியை மட்டும் அரசு தான் சுமக்காமல், காயலோரச் சுகாதார நிலையத்தின் வளர்ச்சிக் குழுவினுடைய தலையில் கட்டிவிட்டது. குழுவில் மூன்று கட்சிகளின் ஆண்கள் மூவர் இருந்தனர். பருப்பு வடையைத் தவிர வேறெதிலும் அவர்கள் ஒன்றுபட்டதாக வரலாறு இல்லை.

ஒரே பெண் உறுப்பினரான மீன்காரி திரேசியாம்மா, மடியிலிருந்த இன்ஹேலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூச்சு இழுக்கும்போது அவளுக்கு அதுவே கதி. கடையில் வாங்க வழியில்லை.

விவாதம் தொடங்கியவுடன், அவரவரும் தமக்கு வராத நோயின்மீது வீரத்துடன் பாய்ந்தனர். தலைவர் புருஷோத்தமக் குறுப்புக்குச் சர்க்கரை. ஆகவே இன்சுலின் புனிதமாயிற்று. அவறாச்சனுக்கு இரத்த அழுத்தம்; அந்த மாத்திரையும் தப்பியது. ஹம்சக்கோயாவின் வாயு மருந்தோ மக்களின் பிறப்புரிமை என்று அறிவிக்கப்பட்டது.

"அப்ப இன்ஹேலரை நிறுத்திடலாம்," என்றார் குறுப்பு. "காத்து சும்மாதானே கிடைக்குது? அதை இழுக்க எதுக்கு மருந்து?"

"நீங்க மேடையில பேசியே பாதிக் காத்தைத் தீத்துட்டீங்களே சாரே!" என்றாள் திரேசியாம்மா.

"கோவிச்சுக்காதீங்க சேச்சி," என்றார் அவறாச்சன். "வேற எதை நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்க."

மருந்து வரிசையில் நிற்கும்போதெல்லாம், சிறு குழாய் ஒன்றை வாங்கி வேட்டி மடிப்பில் ஒளித்துச் செல்வோரைத் திரேசியாம்மா கண்டிருக்கிறாள். அவர்களுள் மூவர் இப்போது அவள் எதிரிலேயே வீற்றிருந்தனர்.

"மூலத்துக்குப் போடுற களிம்பை நிறுத்துங்க. செலவு சரியா வருமா டாக்டரே?"

"தாராளமா," என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த நிலைய டாக்டர் ஷிஜி, உதட்டைக் கடித்தபடி. "இந்த ஊர்ல இன்ஹேலரைவிட அதுதான் அதிகமாப் போகுது."

"இங்க யாருக்காவது அது வேணும்னா கையைத் தூக்குங்க."

ஹம்சக்கோயா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கா? சேச்சே!" என்றார் அவறாச்சன், எவரும் கேளாமலேயே.

குறுப்பின் கை மேசையை விட்டு அரை அங்குலம் எழுந்தது. பின்னர் மீசையைத் தடவிவிட்டு இறங்கியது. குழு தோன்றிய நாள்முதலாக முதன்முறையாக ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அப்போது வடைத் தட்டு வந்தது. திரேசியாம்மா ஒன்றைக் கடித்துக்கொண்டே தட்டை நகர்த்தினாள்.

"எடுத்துக்குங்க சாரே, சூடா இருக்கு."

மூவரும் தட்டையே ஏக்கத்துடன் நோக்கினர்.

"வேணாம் சேச்சி," என்றார் குறுப்பு மெல்ல. "மிளகாய் ஜாஸ்தி."