ஓட்டத் தொரையின் காப்பு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த நீல்ஸ் என்கிற டென்மார்க்காரருக்கு ஓடுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. குடி இல்லை, சிகரெட் இல்லை, ஒரு அதட்டல்கூட இல்லை. ஆனால் விடிந்தால் போதும், ஐம்பதை நெருங்கிய மனிதர் அரை டிராயரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் அவரைத் துரத்தவில்லை, அவரும் எதையும் பிடிக்கப் போகவில்லை. மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியே ஏற்காட்டில் எங்களுக்கெல்லாம் முட்டி தேய்ந்து கிடக்கிறது. இவரானால் பக்கத்து மலைக்கிராமம் கொட்டச்சேடு வரைக்கும் சும்மா ஓடிப்போய், அங்கே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சும்மா திரும்பி வருவார்.

"வேலை வெட்டி இல்லாத ஓட்டம்" என்று அவர் காதில் விழவே சொல்வேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். புது மாதிரி காலரா ஒன்று மெட்ராஸில் கிளம்பி, கல்கத்தா, பங்களாதேஷ் என்று ஆட்களைச் சாய்த்துக்கொண்டே தாய்லாந்து வரை போய்விட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பழைய ஊசி இதற்குக் கேட்காதாம். கீழே சேலத்துக்கும் வந்துவிட்டது என்று பேச்சு. மலைமேல் பள்ளிக்கூடங்களை மூடிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். நீல்ஸ் அதில் ஒன்றில்தான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் தைத்துத்தான் என் பிழைப்பு. ஆக, இரண்டு பேருக்கும் வேலை நின்றுபோயிற்று. எஸ்டேட் ஊர்களுக்குப் போகும் பஸ்களும் நின்றுவிட்டன. ஏரியில் படகுகள் சும்மா கிடந்தன. ஓட்டல்களில் ஈ ஓட்டினார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் காப்பி போட்டாலும் பிளீச்சிங் பவுடர்தான் மணத்தது.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, அவர் மட்டும் ஓடினார். ஓடி முடித்ததும் ஞானசுந்தரத்தின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நிற்பார். டென்மார்க்கில் அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார், எண்பதைத் தாண்டிய மனிதர். தங்கை தினமும் அந்த பூத்துக்குப் போன் செய்து எப்படியிருக்கிறார் என்று சொல்வாள். "பரவால்ல, அப்படியே இருக்கார்" என்று வந்து என்னிடம் ஒப்பிப்பார். நான் ஒரு ஜெபம் சொல்வேன். பள்ளிக்கூடம் எந்த நாளும் திறக்கலாம் என்று, மே மாத லீவில் போய்ப் பார்ப்பதாக இருந்தார்.

இதற்கு நடுவில்தான் கொட்டச்சேட்டில் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டினார்கள். நோய் ஊருக்குள் வரக்கூடாது என்று கோயில் முன்னால் கம்பம் நட்டு, எல்லையில் வேப்பிலை கட்டி, பூசாரி வேலுசாமி ஆட்களுக்குக் காப்புக் கட்டினார். மஞ்சள் துண்டு கோத்த மஞ்சள் கயிறு. அந்த நேரம் பார்த்து நம்ம ஆள் தண்ணீர் குடிக்கப் போய் நின்றிருக்கிறார். எந்த ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக்கூடாது என்பது அவர் வைத்திருந்த மரியாதை. வரிசையில் எல்லோரும் கை நீட்ட, இவரும் நீட்டினார். பூசாரிக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரத் தொரையே நம்ம ஆத்தாளுக்கு விரதம் இருக்க வந்துவிட்டார் என்று நினைத்து, ஊர்க் கொட்டு முழங்க இறுக்கிக் கட்டிவிட்டார்.

கட்டின பிறகுதான் சட்டம் சொன்னார்கள். காப்புக் கட்டியவர் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்து படுக்க வேண்டும். நோன்பு முடிந்து கம்பம் பிடுங்கும் நாள் வரை ஒரு ராத்திரியும் தவறக்கூடாது. தவறினால் ஊரைக் கட்டின கட்டே அவிழ்ந்த மாதிரி. கறி, மீன் தொடக்கூடாது.

மறுநாள் காலையில் ஓடி வந்தவர் கையை நீட்டிக் காட்டியபோது நான் கத்திரிக்கோலைத் தேடினேன்.

"வேணாம் சாந்தாம்மா. அவங்க நொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்றார். எங்கள் ஊர்த் தமிழைத்தான் அவர் கற்றிருந்தார்.

அன்றிலிருந்து அவருடைய ஓட்டம் தலைகீழானது. ராத்திரி கொட்டச்சேட்டில், கோயில் பக்கத்துச் சாவடியில் படுக்கை. காலையில் ஏற்காட்டுக்கு ஓடி வருவார். குளித்து, பூத்தில் போன் பேசி, என் சமையலைச் சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் திரும்ப ஓடுவார். ஈஸ்டர் அன்று நாட்டுக்கோழி அடித்து பிரியாணி போட்டேன். நாற்பது நாள் தவக்காலம் முடிந்து சாப்பிடுகிற முதல் கறி. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர் இருக்கிறதா என்றார்.

"ஏனுங்க, நீங்க கிறிஸ்தவரா, இல்லையா?" என்று கேட்டே விட்டேன்.

"கிறிஸ்தவன்தான். ஆனா கை நீட்டிட்டேனே."

எனக்கு வந்த கோபத்தில் அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஞானசுந்தரம் ஓடிவந்து, டென்மார்க்கிலிருந்து மறுபடி போன், தொரையை உடனே வரச் சொல்லுங்கள் என்றான். போய் வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டர்கள் கை விரித்துவிட்டார்கள். தங்கை மறுநாள் பிளேனுக்கு மெட்ராஸிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாள். நான்கு மணிக்குச் சேலம் போகிற பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி ரயில். அதை விட்டால் மறுநாள்தான் பஸ்.

அவர் பெட்டியை எடுத்து வைத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க! கயிறுதானே?" என்று கத்தினேன்.

"கயிறுதான். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆனா நான் போயிட்டு, அடுத்த வாரம் அங்க ஒரு குழந்தைக்கு வாந்திபேதி வந்துச்சுன்னா? கயித்தால வரலைன்னு அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட யார் சொல்றது?"

அங்கே போய்ச் சொல்லி அவிழ்த்துவிட்டு வருவதற்குள் பஸ் போய்விடும். பஸ்ஸில் ஏறினால் அந்த ஊர் ராத்திரியெல்லாம் எல்லையில் விளக்கோடு காத்துக்கிடக்கும். பெற்ற தகப்பன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், மகன் இங்கே ஒரு மஞ்சள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"குடுங்க கையை" என்றேன்.

வியர்வையிலும் தண்ணீரிலும் முடிச்சு இறுகிக் கிடந்தது. தையல் ஊசியை விட்டு நெம்பி, அறுக்காமல் அவிழ்த்தேன். டப்பாவில் போட்டுக் கொண்டுபோகத்தான் முதலில் நினைத்தேன். டப்பாவில் போனால் அது வெறும் கயிறு. அவருக்குப் பதிலாக ஒரு ஆள் போக வேண்டும். என் இடது கையில் சுற்றி, "கட்டுங்க" என்றேன்.

"சாந்தாம்மா, உங்க சர்ச்சு..."

"சர்ச்சை நான் பாத்துக்கறேன். உங்க அப்பாவை நீங்க பாருங்க."

கட்டினார். பெட்டியோடு பஸ் ஏறினார். ஜன்னல் வழியாக என் கையை மட்டும் ஒருமுறை தொட்டார்.

ஞானசுந்தரத்திடம் டி.வி.எஸ். ஃபிஃப்டி இருந்தது. கொண்டுபோய் விடுடா சாமி என்று கேட்டேன். பெட்ரோல் இல்லை என்றான். பொய். எல்லைக்குள் போனால் தனக்கும் காப்புக் கட்டிவிடுவார்கள் என்று பயம். திட்டிவிட்டு நடந்தேன். நல்ல காலுள்ளவர்களுக்கே இரண்டரை மணி நடை. எனக்கு அதற்கும் மேலே. சூரியனோ எனக்காக நிற்கப்போவதில்லை.

பாதி வழியில், சில்வர் ஓக் மரங்களின் நிழல் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கக் காப்பிச் செடிகள் மேல் விழ ஆரம்பித்தபோது, நடந்தால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சேலையை முட்டிக்கு மேல் தூக்கிச் சொருகினேன். ஓடினேன்.

ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை, மாதா சபைக்குத் தலைவி, கொட்டச்சேடு ரோட்டில் ஓடினேன். மூச்சு நெஞ்சைக் கிழித்தது. இரண்டு முறை நின்று வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன். நல்லவேளை, காலரா பயத்தில் ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. மாதாவே, அந்த மனிதர் போய்ச் சேரும்வரை அவர் அப்பாவுக்கு மூச்சைக் கொடு என்று சொல்லிச் சொல்லி அடி வைத்தேன். எல்லை வேப்பிலை கண்ணில் பட்டதும் சேலையை இறக்கிவிட்டு, செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்தேன்.

பூசாரி வேலுசாமியும் நாலு பேரும் விளக்கோடு நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க அக்கா, தொரை எங்கீங்க?"

"அவங்க அப்பா சாகக் கெடக்கறாருங்க. போயிட்டாரு. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கறேன்" என்று கையைக் காட்டினேன்.

வேலுசாமி கயிற்றையும் என் கழுத்து ஜெபமாலையையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கை உயர்த்தி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "அறுக்கலீங்களா?"

"இல்லீங்க. அவிழ்த்துக் கட்டினது."

அவர் விளக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, "ஊட்டுக்குள்ள வாங்க அக்கா. தொரைக்குன்னு சோறு எடுத்து வெச்சிருக்குது" என்றார்.

"மொதல்ல தண்ணி குடுங்க. காச்சின தண்ணிதானுங்களே?"

"தொரை வந்ததுல இருந்து காச்சின தண்ணி மட்டும்தானுங்க" என்றார் அவர்.

கம்பம் பிடுங்கும் வரை அங்கேதான் படுத்தேன். பகலில் ஏற்காடு, ராத்திரி கொட்டச்சேடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறி இல்லை. சர்ச் சாமியார் என் மணிக்கட்டைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. அந்த ஊருக்குள் நோய் வரவில்லை. கயிற்றாலா, காய்ச்சின தண்ணீராலா என்று நான் யாரிடமும் வாதாடவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது நீல்ஸ் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். என் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் போனப்புறம் அப்பா ரெண்டு நாள் இருந்தார் சாந்தாம்மா. என் கையில மஞ்சள் கறை போகவே இல்லை. அது என்னன்னு கேட்டார். எல்லாம் சொன்னேன். எனக்குப் பதிலா ஒரு அம்மா அங்க போயிருக்காங்கன்னு சொன்னேன். அவர் சின்ன வயசுல நல்லா ஓடுவார். என்னையும் அவர்தான் ஓட வெச்சார். அதனால கேட்டார், அந்த அம்மா ஓடுவாங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓடுவாங்கன்னு சொன்னேன். நொம்ப சிரிச்சார். அப்புறம் அவர் சிரிக்கவே இல்லை." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சாகற மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

மெஷினை நிறுத்தினேன். என் கண் நிறைந்து, கையில் இருந்த யூனிஃபார்ம் துணி மங்கலாகத் தெரிந்தது.

"பொய் இல்லைங்க" என்றேன்.